காவலுக்கும் ஒரு காவல்
உடலின் நிர்ப்பீடனச் சமநிலையைப் பேணும் சீராக்கும் ரீ கலங்கள்

"நோய் எதிர்ப்புச் சக்தி" என்ற சொற்றொடரைக் கேட்காத வீடு இன்று இல்லை. கொவிட் காலத்தின் பின்னர் அது இன்னும் அதிகமாக எம் காதுகளில் விழுகின்றது. பால்மாப் பெட்டி முதல் மூலிகைப் பானப் போத்தல் வரை, "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகின்றது" என்ற வாசகத்தைக் காணலாம். பிள்ளைகளின் நலனில் அக்கறை கொண்ட பெற்றோர் அதனை நம்பி வாங்குவதும் இயல்பே. எதிர்ப்புச் சக்தி கூடக் கூட உடல் நலமும் கூடும் என்பதே எம்மில் பலரது எண்ணம்.

இந்த எண்ணம் முற்றிலும் சரியானதா? சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுள் பெரும்பாலானோருக்கு உள்ளது முதலாம் வகை நீரிழிவு. இனிப்பு அதிகம் உண்டதால் வந்த நோயன்று அது. அப்பிள்ளையின் நிர்ப்பீடனத் தொகுதியே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களைப் பகையென்று எண்ணி அழித்துவிட்டதால் வந்தது. அங்கே எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தாக்கக் கூடாத இடத்தைத் தாக்கியது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். இவ்வாறு உடல் தன்னைத் தானே தாக்குவதால் ஏற்படும் நோய்களைத் தன்னிர்ப்பீடன நோய்கள் என்பர்.

அப்படியாயின் இன்னொரு வினா எழுகின்றது. இத்தகைய நோய் எம் எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? வேலி பயிரை மேயாமல் தடுப்பது எது? இந்த வினாவுக்கு விடை கண்டவர்களுக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவரே அவர்கள். அவர்கள் கண்ட விடையின் பெயர், சீராக்கும் ரீ கலங்கள்.

காவற்படையின் பிரிவுகள்

முதலில் எமது காவற்படையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். தோலும், மூக்கு, வாய், குடல் ஆகியவற்றின் சளிப்படையும் முதல் அரண்கள். அவற்றைத் தாண்டி வரும் கிருமிகளைக் குருதியிலும் இழையங்களிலும் உள்ள தின்குழியங்கள் விழுங்குகின்றன. இவை எக்கிருமி வந்தாலும் ஏறத்தாழ ஒரே விதமாகவே செயற்படுபவை.

அடுத்த நிலையில் இருப்பவை நிணநீர்க் குழியங்கள். இவற்றுள் பீ கலங்கள் பிறபொருளெதிரிகளைச் சுரப்பவை. ரீ கலங்கள் இரு பெரும் பணிகளைச் செய்பவை. உதவி ரீ கலங்கள் ஏனைய கலங்களைத் தூண்டி எழுப்புகின்றன. கொல்லும் ரீ கலங்கள் வைரசு புகுந்த கலங்களைத் தேடி அழிக்கின்றன. ரீ கலங்கள் என்புமச்சையிலே தோன்றினாலும், மார்பெலும்பின் பின்னால் இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமசுச் சுரப்பியிலேயே முதிர்ச்சியடைகின்றன. தைமசு என்பதன் ஆங்கில முதலெழுத்தே ரீ என அவற்றின் பெயரில் நின்றது.

ஒவ்வொரு ரீ கலத்தின் மேற்பரப்பிலும் ஒரு வாங்கி உண்டு. பூட்டுக்குள் சாவி பொருந்துவதுபோல், குறித்த வடிவமுடைய ஒரு மூலக்கூற்றுத் துண்டு மட்டுமே அதனோடு பொருந்தும். இந்த வாங்கிகளின் வடிவங்கள் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை அல்ல. பரம்பரையலகுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலந்து, எண்ணற்ற வடிவங்களில் உடல் அவற்றை ஆக்குகின்றது. உலகில் புதிதாகத் தோன்றும் ஒரு வைரசைக்கூட அடையாளம் காணக்கூடிய ஏதோவொரு ரீ கலம் எம்மிடம் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் எமது பலம் எதுவோ அதிலேயே ஆபத்தும் இருக்கின்றது. குருட்டுத்தனமாகக் குலுக்கி எடுக்கும்போது, எமது சொந்த உடலின் புரதங்களோடு பொருந்தும் வாங்கிகளும் உருவாகியே தீரும். அவை சதையியோடு பொருந்தலாம், மூட்டோடு பொருந்தலாம், தைரொயிட் சுரப்பியோடும் பொருந்தலாம்.

தைமசு நடத்தும் பரீட்சை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், உடல் தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்ற கருத்தை முன்வைத்தார். அந்த அச்சம் எவ்வாறு நடைமுறைக்கு வருகின்றது என்பது பின்னரே படிப்படியாகத் தெரியவந்தது.

தைமசுவினுள் இளம் ரீ கலங்களுக்குக் கடுமையான பரீட்சை நடக்கின்றது. உடலின் சொந்தப் புரதங்களின் துண்டுகள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. அவற்றோடு இறுகப் பற்றிக்கொள்ளும் கலங்கள் அங்கேயே மடிகின்றன. எதையும் அடையாளம் காணத் தெரியாத கலங்களும் பயனற்றவையாக இறக்கின்றன. இறுதியில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான கலங்களே தேறி வெளியேறுகின்றன. இதனை மையச் சகிப்புத்தன்மை என்பர். சகிப்புத்தன்மை என்றால், தாக்கக்கூடிய வலு இருந்தும் தாக்காமல் விடுதல்.

நீண்ட காலமாக இந்த ஒரு விளக்கமே போதுமெனப் பலர் கருதினர். ஆயினும் எந்தப் பரீட்சையிலும் நழுவிச் செல்வோர் இருப்பர். சொந்த உடலைத் தாக்கக்கூடிய ரீ கலங்கள் நலமான மனிதர்களின் குருதியிலும் உலவுகின்றன என்பது பின்னர் நிறுவப்பட்டது. அப்படியானால் தைமசுவுக்கு வெளியேயும் அவற்றை அடக்கி வைக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

மூன்றாம் நாளின் புதிர்

1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகள் எதிர்ப்பாற்றல் குன்றி, இலகுவில் தொற்றுக்கு ஆளாகி இறப்பதைக் காட்டினார். ரீ கலங்கள் உருவாகும் இடம் அகற்றப்பட்டதால் இது எதிர்பார்க்கக்கூடிய விளைவே.

1969ஆம் ஆண்டில் ஜப்பானில் நிஷிசுகா, சகாகுரா என்னும் இருவர் வெளியிட்ட முடிவோ வியப்பளித்தது. சுண்டெலி பிறந்து மூன்றாம் நாளில் தைமசுவை அகற்றினால், பின்னர் அதன் சூலகங்கள் அழிந்துபோவதை அவர்கள் கண்டனர். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், அந்த அழிவு நிர்ப்பீடனத் தொகுதியின் தாக்குதலால் நேர்ந்தது என்பது புலனாயிற்று. ஒரே உறுப்பை முதல் நாளில் அகற்றினால் காவற்படை மெலிகின்றது. மூன்றாம் நாளில் அகற்றினால் அது மதங்கொண்டு சொந்த உறுப்புகளை அழிக்கின்றது. இது எப்படி நேரும்?

இப்புதிரில் மனதைப் பறிகொடுத்தவரே இளம் மருத்துவரான ஷிமோன் சகாகுச்சி. அவர் மேற்கொண்ட முதல் சோதனை மிக எளிமையானது. ஒரே பரம்பரையைச் சேர்ந்த நலமான சுண்டெலியிலிருந்து முதிர்ந்த ரீ கலங்களை எடுத்து, மூன்றாம் நாளில் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. ரீ கலங்களே நோயை உண்டாக்குகின்றன, ரீ கலங்களே அதனைத் தடுக்கவும் செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். எனவே இரு வேறு வகை ரீ கலங்கள் இருக்க வேண்டும். தாக்கும் வகை தைமசுவை விட்டு முந்தி வெளியேறுகின்றது. அடக்கும் வகை சற்றுப் பிந்தி வெளியேறுகின்றது. மூன்றாம் நாளில் தைமசுவை அகற்றும்போது முன்னவை வெளியே வந்துவிட்டன, பின்னவை இன்னும் வந்து சேரவில்லை. புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

உலகம் நம்பாத காலம்

விளக்கம் தெளிவாக இருந்தபோதும் அதனை ஏற்க அறிவியல் உலகம் ஆயத்தமாக இருக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1970களில் "அமுக்கும் ரீ கலங்கள்" என்ற பெயரில் இதே போன்றதொரு கருத்து பெரிதும் பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் அக்கலங்களின் அடையாளமென்று கூறப்பட்ட பரம்பரையலகை 1980களின் தொடக்கத்தில் டீ.என்.ஏ.யில் தேடியபோது, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அதனோடு அத்துறையின் நற்பெயரும் சரிந்தது. பெரும்பாலானோர் வேறு ஆய்வுகளுக்குச் சென்றுவிட்டனர்.

சகாகுச்சி மட்டும் விடவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல இடங்களில் பணியாற்றியவாறு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேடினார். அடக்கும் கலத்தைத் தாக்கும் கலத்திலிருந்து பிரித்தறியும் ஓர் அடையாளமே அவருக்குத் தேவைப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அதனைக் கண்டார். உதவி ரீ கலங்களின் மேற்பரப்பில் சீ.டி.4 என்ற புரதம் உண்டு. அத்தகைய கலங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கில் சீ.டி.25 என்ற இன்னொரு புரதமும் இருந்தது.

சோதனை இதுதான். நலமான சுண்டெலியின் ரீ கலங்களிலிருந்து சீ.டி.25 உடையவற்றை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றை ரீ கலங்களே இல்லாத ஒரு சுண்டெலிக்குச் செலுத்தினார். அதன் தைரொயிட், இரைப்பை, சூலகம் முதலிய பல உறுப்புகள் தாக்கப்பட்டன. நீக்கியவற்றையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. சிறுபான்மையான அக்கலங்களே முழுப் படையையும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன என்பது ஐயமின்றித் தெரிந்தது. அவற்றுக்குச் சீராக்கும் ரீ கலங்கள் என்ற பெயர் நிலைத்தது.

செதில் உதிரும் சுண்டெலி

இதே கதையின் மற்றொரு பாதி அமெரிக்காவில் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1940களில், டெனசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்வதற்காகச் சுண்டெலிகள் வளர்க்கப்பட்டன. அவற்றுள் சில ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உதிர, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்க, சில வாரங்களிலேயே இறந்தன. இது தற்செயலாகத் தோன்றிய ஒரு விகாரம்.

நோய் ஆண் குட்டிகளை மட்டும் தாக்கியதால், குறை எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது என்பது தெரிந்தது. உயிரியல் கற்கும் மாணவியர் இதற்கான காரணத்தை உடனே கூறுவர். பெண்ணுக்கு இரு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உள்ளதால் ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடுசெய்யும். ஆணுக்கு உள்ளதோ ஒன்றே. நோயற்ற தாயே அந்தக் குறையைக் காவிச் சென்று தன் ஆண் குட்டிகளில் பாதிக்குக் கொடுக்கின்றாள்.

1990களில் வாஷிங்டன் மாநிலத்தின் பொதெல் நகரிலிருந்த ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் அந்தப் பரம்பரையலகைத் தேடத் தொடங்கினர். சுண்டெலியின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 17 கோடி டீ.என்.ஏ. எழுத்துச் சோடிகள் உள்ளன. இன்றைய விரைவான கருவிகள் அன்று இருக்கவில்லை. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போன்ற அந்த வேலையில், தேடும் பரப்பைப் படிப்படியாகச் சுருக்கி ஐந்து இலட்சம் எழுத்துகளுக்குக் கொண்டுவந்தனர். அங்கே இருக்கக்கூடிய பரம்பரையலகுகள் இருபது. ஒவ்வொன்றாக நலமான சுண்டெலியோடு ஒப்பிட்டனர். பத்தொன்பதிலும் குறை இல்லை. இருபதாவதில்தான் அது இருந்தது. அதற்குப் பொக்ஸ்-பீ-3 எனப் பெயரிட்டனர்.

தேடல் சுண்டெலியோடு நிற்கவில்லை. மிக அரிதாகச் சில ஆண் குழந்தைகள் பிறந்த சிறிது காலத்திலேயே கடுமையான வயிற்றோட்டம், நீரிழிவு, தோல் அழற்சி ஆகியவற்றால் அவதியுறுவர். ஐபெக்ஸ் எனப்படும் இந்நோய்க்கும் மனிதரில் உள்ள அதே பரம்பரையலகின் குறையே காரணம் என்பதை 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் நிறுவின.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் இரு பாதிகளும் ஒன்று சேர்ந்தன. சகாகுச்சியின் கலங்கள் உருவாவதையும் செயற்படுவதையும் ஆளுவது பொக்ஸ்-பீ-3 பரம்பரையலகே என்பதை, அவரது குழு உட்பட மூன்று ஆய்வுக் குழுக்கள் 2003ஆம் ஆண்டில் காட்டின. அந்தப் பரம்பரையலகு இல்லையேல் சீராக்கும் ரீ கலம் இல்லை. சீராக்கும் ரீ கலம் இல்லையேல் உடல் தன்னையே தின்றுவிடும். நாட்கணக்கில் ஓர் எலியின் தோலைப் பார்த்தவர்களும், ஆண்டுக்கணக்கில் ஒரு கலத்தின் அடையாளத்தைத் தேடியவரும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தனர். நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் ராம்ஸ்டெல் தொலைபேசித் தொடர்பற்ற மலைப்பகுதியில் நடைப்பயணத்தில் இருந்தார் என்பதும், குழுவினரால் அவரை உடனே தொடர்புகொள்ள முடியவில்லை என்பதும் சுவையான செய்தி.

எவ்வாறு அடக்குகின்றன?

காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. பொருத்தமான பெயர். அடுப்பில் நெருப்பு எரியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சோறு வேகாது. அது அடுப்பை விட்டுக் கூரைக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். சீராக்கும் ரீ கலங்கள் அதனைப் பல வழிகளில் செய்கின்றன.

முதலாவது வழி, உணவைக் குறைத்தல். ரீ கலங்கள் பெருகுவதற்கு இன்ரலூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் தேவை. தாக்கும் கலங்கள் அதனைச் சுரக்கின்றன. சகாகுச்சி கண்ட சீ.டி.25 என்பது உண்மையில் இப்புரதத்தைப் பற்றும் வாங்கியின் ஒரு பகுதியாகும். சீராக்கும் கலங்களிடம் அது எப்போதும் நிறைய இருப்பதால், சூழவுள்ள இன்ரலூக்கின்-2ஐ அவை உறிஞ்சிவிடுகின்றன. தாக்கும் கலங்களுக்குக் கிடைப்பது குறைகின்றது.

இதில் கவனிக்கத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. சீராக்கும் கலங்கள் தாமாக இன்ரலூக்கின்-2ஐச் சுரப்பதில்லை. தாக்கும் கலங்கள் பெருகி அதனை அதிகம் சுரக்கும்போதே இவையும் பெருகுகின்றன. தாக்குதல் தணியும்போது இவையும் தணிகின்றன. குருதியில் குளுக்கோசு கூடும்போது இன்சுலின் கூடி அதனைக் குறைப்பதாக நாம் கற்கும் எதிர்ப் பின்னூட்டலின் இன்னொரு வடிவமே இது.

இரண்டாவது வழி, தூண்டுதலை நீக்குதல். ஒரு ரீ கலம் தாக்குதலைத் தொடங்க வேண்டுமானால், பகைவரின் துண்டை ஏந்திக் காட்டும் கலமொன்று அதற்கு இரண்டு சமிக்ஞைகளைக் கொடுக்க வேண்டும். சீராக்கும் கலம் தன்னிடமுள்ள சீ.ரீ.எல்.ஏ.-4 என்ற புரதத்தால், இரண்டாவது சமிக்ஞையைத் தரும் மூலக்கூறுகளைப் பற்றிக் கழற்றி எடுத்துவிடுகின்றது. பகைவனைக் கண்டும் கட்டளை கிடைக்காத படைவீரன் போல ரீ கலம் நின்றுவிடுகின்றது.

மூன்றாவது வழி, அமைதிப்படுத்தும் புரதங்களைச் சுரத்தல். இன்ரலூக்கின்-10 போன்றவை சூழவுள்ள கலங்களின் வேகத்தைத் தணிக்கின்றன. ஓரிடத்தில் உள்ள ஒரு சில கலங்கள் அங்குள்ள பல கலங்களை அடக்க முடிவது இவ்வழிகளால்தான்.

எங்கெல்லாம் இவை தேவை?

எமது பெருங்குடலில் கோடானு கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை அந்நியமானவை, ஆயினும் பகைவர் அல்ல. அவற்றோடு ஓயாத போர் நடக்காதிருப்பதற்குக் குடற்சுவரில் உள்ள சீராக்கும் ரீ கலங்கள் துணைபுரிகின்றன. அப்பற்றீரியாக்களும் கைம்மாறு செய்கின்றன. நாம் உண்ணும் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து அவை வெளிவிடும் பியூற்றிரேற்று என்ற பொருள், குடலில் சீராக்கும் கலங்கள் உருவாவதை ஊக்குவிப்பதைச் சுண்டெலி ஆய்வுகள் காட்டியுள்ளன. தினமும் நாம் உண்ணும் பால், மீன், கடலை ஆகியனவும் உடலுக்கு அந்நியப் புரதங்களே. அவற்றை உடல் பகையெனக் கொள்ளாதிருப்பதிலும் இக்கலங்களுக்குப் பங்குண்டு.

எல்லாவற்றிலும் வியப்பானது கருப்பை. கருவிலுள்ள சிசுவின் பரம்பரையலகுகளில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை. தாயின் உடலுக்கு அவை அந்நியம். வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் எதிர்த்துத் தள்ளும் அதே உடல், சிசுவைப் பத்து மாதம் சுமக்கின்றது. கர்ப்ப காலத்தில் தாயின் சீராக்கும் ரீ கலங்கள் பெருகுகின்றன. இக்கலங்கள் இல்லாத சுண்டெலிகளில் கருக்கள் தங்குவதில்லை என்பதை 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒவ்வோர் உம்மாவின் உடலும் பொறுத்துக்கொண்டதாலேயே நாம் ஒவ்வொருவரும் பிறந்தோம் எனலாம்.

குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு

சீராக்கும் கலங்கள் குறைந்தாலோ செயல் குன்றினாலோ தன்னிர்ப்பீடன நோய்களுக்கும் ஒவ்வாமைகளுக்கும் வழி திறக்கின்றது. ஐபெக்ஸ் நோயில் இது மிகத் தெளிவு. முதலாம் வகை நீரிழிவு, லூபஸ், முடக்குவாதம் போன்றவற்றில் பரம்பரை, சூழல், தொற்று எனப் பல காரணங்கள் பின்னியிருந்தாலும், இக்கலங்களின் சமநிலைக் குலைவும் அவற்றுள் ஒன்றாக ஆராயப்படுகின்றது.

அப்படியாயின் இவை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. பல புற்றுநோய்க் கட்டிகள் சீராக்கும் ரீ கலங்களைத் தம்மை நோக்கி ஈர்த்து, தம்மைச் சுற்றி வேலியாக நிறுத்திக்கொள்கின்றன. கட்டியை அழிக்க வரும் கொல்லும் கலங்கள் அங்கே அடக்கப்பட்டுவிடுகின்றன. காவலைக் காக்க வந்தவர்களே கள்வனுக்கு அரணாகிவிடுகின்றனர். இதே கலங்களைப் புற்றுநோயாளரில் தளர்த்தவும் தன்னிர்ப்பீடன நோயாளரில் வலுப்படுத்தவும் மருத்துவம் முயல்வதற்கு இதுவே காரணம். சீ.ரீ.எல்.ஏ.-4 என்ற கடிவாளத்தைத் தளர்த்தும் மருந்து ஏற்கெனவே புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகின்றது. அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக ஜேம்ஸ் அலிசன் 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அம்மருந்தைப் பெறுவோரில் சிலருக்குக் குடல், தோல், சுரப்பிகள் ஆகியவற்றில் தன்னிர்ப்பீடன அழற்சி ஏற்படுவது, சமநிலை எத்தனை நுண்மையானது என்பதற்கு நேரடிச் சான்று.

மறுபுறத்தில், நோயாளியின் சீராக்கும் கலங்களைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் பெருக்கி மீண்டும் அவருக்கே செலுத்துதல், சிறிய அளவில் இன்ரலூக்கின்-2 கொடுத்து அக்கலங்களை உடலினுள்ளேயே பெருக்குதல், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் புதிய உறுப்பைக் காக்கும்படி அவற்றைப் பழக்குதல் ஆகிய முயற்சிகள் மனிதரில் பரிசோதிக்கப்படுகின்றன. இவை இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை.

மாணவியரும் பெற்றோரும் அறியவேண்டியவை

இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. தன்னிர்ப்பீடன நோயாளர்களில் ஐவரில் நால்வர் வரை பெண்கள் என மதிப்பிடப்படுகின்றது. லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர் பெண்களே. அதுவும் பெரும்பாலும் பூப்படைந்ததன் பின்னரான இளம் வயதில் தொடங்குகின்றது. எனவே ஒரு பெண்கள் கல்லூரியின் மாணவியரும் அவர்களது பெற்றோரும் இதனை அறிந்திருப்பது கடமையாகும்.

இந்நோய்கள் தொடக்கத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. வாரக்கணக்கில் நீங்காத களைப்பு, காலையில் எழும்போது மூட்டுகளில் விறைப்பும் வீக்கமும், வெயில் பட்டால் கன்னங்களில் தோன்றும் சிவப்புத் தடிப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், காரணமின்றி விட்டு விட்டு வரும் காய்ச்சல், அடங்காத தாகத்தோடு உடல் மெலிதல் ஆகியன கவனிக்கத்தக்கவை. இவை எல்லாம் தன்னிர்ப்பீடன நோயின் அறிகுறிகளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் "படிக்கக் கள்ளம்", "சோம்பல்", "பொம்பிளப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வாறதுதான்" என்று தள்ளிவிடுவது நன்றன்று. நாட்பட்டால் சிறுநீரகம் போன்ற உறுப்புகள் மீளாத பாதிப்பை அடையலாம். மகள் சொல்வதை உம்மாவும் வாப்பாவும் காதுகொடுத்துக் கேட்டு, காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுவதே முறை. அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் உடல் மெலிவும் சேர்ந்து காணப்பட்டால் அன்றைய தினமே காட்ட வேண்டும்.

நோய் உறுதியானால் அதனை ஒளிக்கவோ வெட்கப்படவோ தேவையில்லை. அது தொற்றுநோயன்று. யாரும் செய்த பிழையால் வந்ததும் அன்று. உரிய சிகிச்சையோடு கல்வி, தொழில், குடும்ப வாழ்வு அனைத்தையும் தொடர்வோர் பலர். வைத்தியர் தந்த மருந்தை, குறிப்பாக ஸ்ரீரொயிட் மருந்துகளை, சுகமாகிவிட்டது என்று எண்ணியோ பிறர் சொல் கேட்டோ திடீரென நிறுத்துவது பேராபத்தை விளைவிக்கும்.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். நலமான ஒருவரின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு "கூட்டுதல்" தேவைப்படுவதில்லை. அதற்குத் தேவை போதிய உறக்கம், உடற்பயிற்சி, பலவகை உணவு, சுத்தம் ஆகியவையே. குரக்கன், தவிடு நீக்காத அரிசி, பயறு, கடலை, கீரை வகைகள் என்பன எம் சமையலறைக்குப் புதியவை அல்ல. அவற்றிலுள்ள நார்ப்பொருள் குடலின் பற்றீரியாக்களுக்கு உணவாகின்றது. இவை நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் என்று கூறுவதற்கில்லை, நலத்துக்கு அடித்தளம் என்றே கூறவேண்டும். தடுப்பூசியை இந்த "கூட்டும்" பானங்களோடு சேர்த்து எண்ணவும் கூடாது. அது படை முழுவதையும் கண்மூடித்தனமாகக் கிளறிவிடுவதில்லை. குறித்த ஒரு பகைவனை மட்டும் முன்கூட்டியே காட்டி, அவனுக்குரிய கலங்களை ஆயத்தப்படுத்துகின்றது.

முடிவாக

ரீ கலங்களுள் சீராக்கும் கலங்கள் மிகச் சிறுபான்மையானவை. அவை எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. ஆயினும் அவை இல்லாது போனால் ஒரு குழந்தை தன் முதல் பிறந்தநாளைக் காண்பதே அரிதாகலாம். வலிமையைத் தருவது ஒன்று, அந்த வலிமை எல்லை மீறாமல் காப்பது இன்னொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே நலம்.

இந்த அறிவு எமக்குக் கிடைத்தது, பலரும் கைவிட்ட ஒரு வினாவைக் கைவிடாத ஒருவராலும், பத்தொன்பது முறை தேடியும் கிடைக்காததை இருபதாவது முறையும் தேடிய இருவராலும் ஆகும். எமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இன்று நுணுக்குக்காட்டியினூடாகக் குருதிக் கலங்களைப் பார்க்கும் மாணவியருள், நாளைய புதிர்களை அவிழ்ப்பவர்களும் இருக்கலாம். அதற்கு வேண்டியது, விடை வராதபோதும் வினாவை விடாதிருக்கும் பொறுமையே.